மேற்பல்லின் உட்புறம்

வாயைத் திறவுங்கோ, தேவமலர்.
இன்னும் கொஞ்சம்.

கடைவாய் நோகுது என்றுதான் வந்தீர்கள்.
ஐஸ் தண்ணி கூசுது, புளி கூசுது,
மாங்குளம் சந்திக் காற்றே கூசுது என்றீர்கள்.
கடைவாயில் ஒன்றுமில்லை.
கண்ணாடியைத் திருப்பி
முன்பல்லின் பின்பக்கம் பார்க்கிறேன்,
சிரிப்புக்குத் தேவைப்படாத பக்கம்.
அங்கே வெள்ளை கரைந்து மஞ்சள் தெரிகிறது,
குளத்து அலைகரைக் கல்லைப்போல் வழுவழுப்பாய்.

தேசிக்காய் நிறையச் சாப்பிடுவீங்களோ?
தலை ஆடுகிறது, இல்லை.
சோடா?
இல்லை.
மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை.
கையுறையைக் கழற்றி உங்கள் விரலைப் பிடித்தேன்.

சித்திரை வெயில்.
வெளியே நாய்கள் குழாயடிச் சேற்றில் கிடக்கின்றன.
உங்கள் விரல்களோ
மீன்பெட்டி ஐசுக்குள் இருந்து எடுத்தவை போல.

முழங்கைக்குக் கீழே பூனைமயிர் படர்ந்திருக்கிறது.
தலைமயிர் கொட்டுவதைக் கண்டிருப்பீர்கள்,
இது முளைப்பதைக் கண்டிருக்கமாட்டீர்கள்.
குளிருது என்று
உடம்பு தானே தனக்குப் போர்வை நெய்கிறது,
கேட்க ஆளில்லாத வீட்டில்
பிள்ளை தானே பாய் விரித்துப் படுப்பது மாதிரி.

காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் வீக்கம்.
உமிழ்நீர்ச் சுரப்பி, வேறொன்றுமில்லை.
ஆனால் ஏதோ ஒரு கலியாண வீட்டில்
யாரோ ஒருத்தி சொல்லியிருப்பா:
"கன்னம் வைச்சிட்டுது, நல்லாத் தேறிட்டாய்!"
அன்றிரவு நீங்கள் நித்திரை கொண்டிருக்கமாட்டீர்கள்.

இவளுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் வேலை உங்களுக்கு.
ஊருக்கு அரிசி நிறுத்துக் கொடுக்கிற கை.
இந்த மண்ணில்
பசி என்ற சொல்லுக்கு ஓர் ஆண்டு இருக்கிறது,
ஒரு கடற்கரை இருக்கிறது.
கஞ்சி வரிசையில் பிள்ளையை விட்டவர்கள்
அடுத்த வளவில் உடுப்புக் காயப்போடுகிறார்கள்.
அவர்களுக்கு முன்னால்
எந்த வாயால் சொல்வது,
சோறு இருக்கு, எனக்குத்தான் அதைக் கண்டால் பயம் என்று?

வைகாசியில் சிரட்டையில் கஞ்சி தந்தார்கள்.
எல்லாரோடும் நின்று குடித்தேன்.
பிறகு கோயில் கிணற்றுக்குப் பின்னால் போனேன்.
எனக்கு முப்பது வயது அப்போது,
வெள்ளை மேலங்கி, அரசாங்கச் சம்பளம்.
இதை யாருக்கும் சொன்னதில்லை.
உங்களுக்கும் சொல்லவில்லை,
உங்கள் நாக்கடியில் பஞ்சு வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒருநாள்
விடுதிப் படியில் நெஞ்சு ஓர் அடியைத் தவறவிட்டது,
இருட்டில் கடைசிப் படி இருக்கென்று வைத்த கால் போல.
ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு என்றார்கள்.
பொட்டாசியம்!
வவுனியாப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில்
தண்ணியில் போட்டதும் ஊதாச் சுடராய் ஓடிய துண்டு.
கைதட்டினோம்.
அது இல்லாவிட்டால் இதயம் நின்றுபோகும் என்று
அந்த வகுப்பில் யாரும் எழுதித் தரவில்லை.

துப்புங்கோ.
சாதாரண புத்திமதி போலச் சொல்கிறேன்:
"சத்தி வந்தால் உடனே பல் விளக்காதேங்கோ.
தண்ணியால கொப்பளிச்சிட்டுக் கொஞ்சம் பொறுங்கோ."

நிமிர்ந்து பார்க்கிறீர்கள்.
சத்தி எடுக்கிறீங்களோ என்று நான் கேட்கவே இல்லை.

துண்டில் எழுதுகிறேன். ரத்தம். ஈசிஜி.
"பல்லுக்கு ஏன் டொக்டர் ஈசிஜி?"

பல்லின் வெள்ளை திரும்ப முளைக்காது, பூசித்தான் விடலாம்.
மற்றவை வரும்.
நின்ற மாதவிலக்கு எனக்கு ஒன்றரை வருடம் கழித்து
ஒரு பஸ்ஸுக்குள் வந்தது.
எலும்பு இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை,
போன மாரியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.
இவ்வளவையும் சொன்னேன்.
யாருடைய கதை என்று நீங்கள் கேட்கவில்லை.

வரிசையில் இன்னும் ஆறு பேர்.
கொஞ்சம் இருங்கோ என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு
உங்களோடு நடந்தேன்.
உங்கள் பை பாரமாக இருந்தது, நான் வாங்கிக்கொண்டேன்.

ஈசிஜி அறைப் பொடியன் சாப்பிடப் போயிருந்தான்.
வாங்கில் இருந்தோம்.