நான்காம் பம்பு

அடெனாவ். ஒக்டோபர். வெள்ளி இரவு.
நான்காம் பம்பின் கழுத்தில் நானே தொங்கவிட்ட அட்டை:
102 இல்லை, ஞாயிறுவரை வராது.
தாங்கி லொறி கொப்ளென்ஸ் பக்கம் எங்கோ படுத்துவிட்டதாம்.

செத்தவீடு மாதிரி ஆகிப்போனது.
மேலே காட்டுக்குள் ஓட்டப்பாதை,
இருபது கிலோமீற்றர், எண்ணி முடியாத வளைவு,
விடிந்தால் திறப்பார்கள்.
கீழே என் கூரைக்கடியில் பதினொரு கார்கள்
சினை ஆடுகள் போல வயிறு தாழ்ந்து நிற்கின்றன.
ஒருவன் அட்டையைப் புரட்டிப் பார்த்தான்,
பின்பக்கம் நல்ல செய்தி இருக்கும் என்று.

மஞ்சள் கார் ஹார்ட்முட் ஷ்டெங்கல்,
மாயன் ஊரில் பல் வைத்தியர்,
காசுமேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.
"திருமதி அமிர்தகௌரி, உண்மையைச் சொல்லுங்கள்,
95 அடித்தால் என்ன ஆகும்?"

பதினாறு வருடம் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால்.
கழிப்பறைச் சாவி கேட்டிருக்கிறார்கள்,
உண்மை கேட்டதில்லை.

"பெற்றோல் மூடியைத் திறந்து பாருங்கள்."
98 நல்லது, 95 போதும் என்று இருந்தது.
நல்லதுக்கும் போதுமுக்கும் நடுவில்
லீற்றருக்குப் பத்துச் சதம், இருபது சதம்
வருடக்கணக்காய் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதிர்க் கராஜ் ஸ்வென்யா எனக்குச் சொன்னதை
அப்படியே அவருக்குச் சொன்னேன்:
அந்த இலக்கம் பலம் இல்லை.
எரிந்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே சூடுதான்.
பிஸ்டன் ஏறிவந்து நெரிக்கும்போது
பொறி விழும்வரை வெடிக்காமல் கிடக்கிற அடக்கம்,
அதைத்தான் எண்ணால் எழுதுகிறார்கள்.
முந்தி வெடித்தாலும் உங்கள் காருக்குள் ஒரு காது உண்டு,
தட்டல் கேட்டால் கொஞ்சம் பின்வாங்கும்.
நீங்கள் இவ்வளவு நாளும் வாங்கியது வேகம் இல்லை,
பொறுமை.

"காருக்கா, எனக்கா?" என்றார்.

போய் 95 அடித்தார்.
மற்றவர்கள் பார்க்காதபடி
குழாயை உடம்பால் மறைத்துக்கொண்டு.

சனி மாலை திரும்பி வந்தார்.
இதுவரை ஓடியதில் இதுதான் வேகம், நாலு செக்கன் குறைவு.
முகத்தில் சந்தோசத்தைக் காணோம்.
"காற்றுக் குளிர், அதனால்தான்."
அதுவும் பொய்யில்லை.

ஆனால் எல்லோருக்கும் 'வேண்டாம்' என்று சொல்ல
என்னால் முடியாது.
சூயிங்கம் தட்டுக்குப் பக்கத்தில், பற்றுச்சீட்டு பறக்காமலிருக்க,
ஸ்வென்யா தந்த பிஸ்டன் ஒன்று இருக்கிறது.
தலையில் ஒரு துளை, சுண்டுவிரல் நுழையும்.
சார்ப்ரூக்கன் பையன் ஒருவனுடையது.
காசு கொடுத்து இயந்திரத்தை முடுக்கி வைத்தவன்
மூடிக்குள் ஒட்டியிருந்த தாளை அப்படியே விட்டான்,
மலிவாய் நிரப்பினான்,
பாட்டைச் சத்தமாய்ப் போட்டிருந்தான்,
உள்ளே தட்டியது அவனுக்குக் கேட்கவில்லை.

திங்கள் அட்டையைக் கழற்றினேன்.
முதல் ஆள் ஹார்ட்முட்.
நான்காம் பம்பு, 102, விளிம்புவரை.
காசு தரும்போது என்னைப் பார்க்காமல் சொன்னார்:
"என் காதுக்கு வித்தியாசம் தெரிகிறது."

நான் சிரிக்கவில்லை.
ஹம் அம்மன் கோயிலில் ஒவ்வொரு தேருக்கும்
நல்லெண்ணெய் அடுக்கைத் தாண்டிப் போய்
பசுநெய் வாங்குகிறவள் நான்.
போன வருடம் பக்கத்து அகலோடு
சுடரை ஒப்பிட்டுக்கூடப் பார்த்தேன்.
ஒரே உயரம்.
இந்த வருடமும் நெய்தான்.

பத்து மணிக்குப் பூட்டி
என் பழைய ஃபாபியாவுக்குப் பன்னிரண்டு யூரோவுக்கு 95.
மேசையில் எண்ணெய் ஊறுகிறதென்று முதலாளி சத்தம் போட்டதால்
பிஸ்டன் என்னோடு வீட்டுக்கு வருகிறது.
மேட்டில், மூன்றாம் கியரில்,
டக், டக் என்று ஏதோ தட்டியது.
வானொலியை நிறுத்தினேன்.
கைப்பைக்குள் அது சாவியோடு மோதுகிறதோ என்று
ஒரு கையால் பையை அமத்திப் பிடித்தேன்.

டக்.