ஐந்தாம் கவுன்டர், வேலூர்

ரசீதில் பெயர் பிமல் சராஃப், கல்கத்தா.
மனைவிக்கு நாளை ஆபரேஷன்.
"சராப்புன்னா எங்க பக்கம்
காசு பார்த்து மாத்தித் தர்றவர்" என்றேன்
அரைகுறை இந்தியில்.
"பேர் மட்டும்தான். எங்களுக்கு மிட்டாய்க் கடை."

பக்கத்து சீட் ஷமீனா, பேரணாம்பட்டுக்காரி,
கட்டுக்கு ரப்பர் போட்டுக்கொண்டே சொன்னாள்:
அரபியில் ஸர்ஃப். திருப்புவது, மாற்றுவது.
ஒரு சொல் உருமாறும் இலக்கணத்துக்கும்
அதே பேர்தான்,
அதில்தான் நான் ஃபெயிலானேன்.

மிஷின் ஓர் ஐநூறைத் துப்பியது.
மறுபடி வைத்தேன். மறுபடி துப்பியது.
வரிசை முணுமுணுத்தது,
வங்காளத்திலும் தெலுங்கிலும்.
சராஃப் தன் செருப்பைப் பார்த்தார்.

மிஷினுக்கு முன்னால் இதற்கு ஆள் இருந்தார்,
நோட்டக்காரர்.
காசைச் சுண்டிக் காதால் பார்ப்பவர்.
இன்று யாராவது நோட்டம் விட்டால்
செக்யூரிட்டியைக் கூப்பிடுகிறோம்.

வெளிச்சத்தில் பிடித்தேன். நூல் இருந்தது.
ஓரத்தைத் தடவினேன்,
பிறகுதான் விரலுக்குத் தெரிந்தது.
"நல்ல நோட்டுதான் சார். ஈரம்."

காட்பாடியில் இறங்கியதிலிருந்து
கைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

ஃபேனுக்கு நேராகக் கொஞ்சம் காட்டினேன்.
யாரும் அவசரப்படுத்தவில்லை.