மீட்டருக்கு ஒரு விரல்

பதினாறு வருடமாக அந்தத் தொட்டிக்குள் நின்றபடி
வாளியும் கப்புமாகத்தான் குளித்தோம்.
அதில் சாய்ந்து படுத்தவர் யாருமில்லை,
ஒரு பெருநாளுக்கு முந்தின இரவு
ஐஸோடு கிடந்த இரண்டு ஹமூர் மீன்களைத் தவிர.

விளிம்பு ஐம்பத்தைந்து சென்டிமீட்டர்.
டிசம்பரிலிருந்து என் வலது கால்
பதினெட்டுக்கு மேல் ஏறுவதில்லை.
கணக்கு அவ்வளவுதான்.

இந்த தோஹாவில் எத்தனையோ குளியலறை வரைந்திருக்கிறேன்,
ஒரே கோபுரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு.
எதிலும் ஆள் இல்லை.
கதவு திறக்கும் கால்வட்டம் போடுவேன்,
திறந்து வருபவருக்கு முழங்கால் உண்டென்று
எந்த லேயரிலும் குறித்ததில்லை.

இப்போது கஹ்ரமா பில்லின் பின்பக்கம்
தொட்டியை அழித்துவிட்டு
வெறும் தரை வரைகிறேன்.
படி இல்லை. வரம்பு இல்லை. கதவும் வேண்டாம்,
ஒரு கண்ணாடி போதும், பாதிக்கு.

"உட்காரு, அளந்துடுவோம்" என்றார் மொகுதூம்.
வாஷிங் மெஷினுக்கும் வாசலுக்கும் நடுவில்
பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார்.
சுடிதாரோடு உட்கார்ந்து
இல்லாத தண்ணீரில் குளித்துக் காட்டினேன்.
ஷாம்புவுக்குக் கை நீட்டிய இடத்தில்
என் புருவப் பென்சிலால் சுவரில் ஒரு கோடு.
எழுந்திருக்க எதையோ தேடிய இடத்தில்
ஒரு பெருக்கல் குறி. கம்பி அங்கே.
ஒளுச் செய்ய ஒரு குழாய், உட்கார்ந்த உயரத்தில்.
"முதுகு தேய்" என்றார்.
தேய்த்தேன். பாதிவரைதான் எட்டியது.
அதற்கு அவர் எந்தக் குறியும் போடவில்லை.

ஷொஃபிகுல் வந்து டைலைத் தட்டிப் பார்த்தான்.
மீட்டருக்கு ஒரு விரல் சரிவு வேணும்,
இல்லாட்டி தண்ணி உங்க ஹாலுக்கு வந்து
டிவி பார்க்கும் என்றான் இந்தியில்.
யார் விரல் என்று கேட்டேன்.
சுண்டுவிரலைத் தரையில் படுக்கவைத்துக் காட்டினான்,
பாதி நகம் இல்லாத விரல்.

குழாய் கீழ்வீட்டு சீலிங் வழியாகப் போகிறது.
அங்கே எகிப்துக்காரர்களுக்கு நாற்பது நாள் குழந்தை.
பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் உடையுங்கள்,
அதுவும் இவன் விழித்திருந்தால், என்றாள் தாய்.

சிவப்பு எந்தப் பக்கம், நீலம் எந்தப் பக்கம் என்றான்.
என்னவென்று சொல்வது?
ஜூலையில் மொட்டைமாடி டேங்க் கொதிக்கும்.
ஹீட்டரை அணைத்துவிட்டுச் சிவப்பைத் திறந்தால்தான்
உடம்புக்கு ஆகிற தண்ணீர்.
நீலத்தில் அரிசி வேகும்.
எந்தப் பக்கமானாலும் சரி,
நனையாமல் திறக்கிற மாதிரி வை என்றேன்.

கட்டட உரிமையாளர் வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பினார்:
செய்துகொள்ளுங்கள்,
காலி செய்யும்போது எல்லாம் பழைய நிலையில் இருக்க வேண்டும்.
இரண்டு முறை படித்தேன்.
என் காலைப் பார்க்காமலிருக்க
மொகுதூம் ஏசியைப் பார்த்தார்.
தொட்டியைப் பால்கனியில் நிமிர்த்தி வைப்பதென்று முடிவானது,
துணிக்கொடிக்குக் கீழே.

இரவு பில்லைத் திரும்ப எடுத்தேன்.
அகலத்தில் நான் போட்ட தொண்ணூறை அடித்து
நூற்றிருபது என்று எழுதியிருந்தது,
அவருடைய சாய்ந்த கையெழுத்தில்.
வாஷிங் மெஷின் எங்கே போகும் என்று எழுதவில்லை.
நாற்காலிக்குப் பின்னால் ஒரு சின்ன வட்டம்,
பக்கத்தில்: "நிக்கிறதுக்கு."

ஸ்கேல் தப்பு.
அந்த வட்டத்தில் அவர் தொப்பை அடங்காது.
அழித்துவிட்டுப் பெரிதாகப் போட்டேன்.