நாற்பத்தோராவது

ரிஸ்மியின் போன் கடைக்கு மேல்மாடி, அப்புத்தளை.
கழற்றிய கதவொன்று எங்கள் மேசை.
ரெஜிஃபோம் வெட்டி மலை செய்தோம்;
தொழிற்சாலை கழித்த தேயிலைத் தூள்தான் மலைக்கு மண்.
ஞாயிறுதோறும் போர்.
பகடை உருளும், படை சாயும்,
நாலரை ரயிலுக்கு இந்துனில் எழுந்தால்
போர்நிறுத்தம்.

இன்று போரில்லை. வழக்கு.

பங்களா ஏலத்தில் வாங்கிய பிஸ்கட் டின்.
உள்ளே ஈயச் சிப்பாய்கள் நாற்பத்தொருவர்.
சுற்றியிருந்த பத்திரிகையில்
தேதி இருந்த மூலை மட்டும் கிழிந்திருந்தது.
ஒரு குதிரையின் முழங்காலில் வெள்ளை மாவு:
ஈயத்துக்கும் நோய் வரும்,
தொட்டால் விரலில் ஒட்டும்.

இங்கிலாந்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்:
எழுபத்தைந்துக்கு முந்தியதென்றால் முழு விலை,
பிந்தியதென்றால் பாதி.

"நான் பிறக்குமுன் வார்த்ததெல்லாம் பழசு"
என்றான் ரிஸ்மி. அவன் எண்பத்தெட்டு.
"அப்போ உன் மகளுக்கு
போன வருஷத்து பிளாஸ்டிக்கும் பழசுதானே.
கடையில் கிடைக்காமல் போனால் பழசு.
அவ்வளவுதான்."
இது இந்துனில்.
"அப்படிப் பார்த்தால்
இருபத்திரண்டாம் வருஷம் பால்மாவும்
பழம்பொருள்தான்" என்றேன்.
மூவரும் சிரித்தோம்.
மூவரும் அந்த வரிசையில் நின்றவர்கள்.

நான் பல் கட்டுகிறவள்.
எனக்கு அச்சு தெரியும்.
அளவுகோலை எடுத்தேன்:
பாதம் முதல் கண்வரை இருபத்தைந்து மில்லிமீட்டர்.
இன்று வருகிறவர்கள் முப்பதைத் தாண்டுகிறார்கள்,
புஜமும் தாடையுமாய்.
பக்கத்தில் நிறுத்தினால் பழைய தளபதி
அண்ணனின் சட்டைக்குள் வந்த பள்ளிப் பையன்.
கண் ஒரு புள்ளி. வாய் இல்லவே இல்லை.
துப்பாக்கி மட்டும் லேசாய் வளைந்திருக்கிறது,
யாரோ எப்போதோ கோபத்தில் வளைத்தது.

வண்ணமா வயது?
சிவப்பைச் சுரண்டினால் நீலம்.
சிவப்போ, முகர்ந்து பார்த்தேன், நகப்பூச்சு.
அச்சா வயது?
அச்சு உடைந்து எத்தனை காலமோ.
போன மார்கழியில் என் சிலிக்கோனில் ரிஸ்மி எடுத்த நகல்
அதே முகம், அதே வளைந்த துப்பாக்கி.
ஆனால் நகல் ஒரு மயிரிழை சுருங்கும்.
பல்லிலும் அப்படித்தான்,
நாக்கு கண்டுபிடித்துவிடும்.

முந்தியதா, பிந்தியதா?
இந்தக் கேள்வியை எனக்கு முன்பே தெரியும்.
அதன் மேசை தெரியும், மை தெரியும்.
அறுபத்து நாலு, அக்டோபர் முப்பது.
அதற்கு முன்பிருந்தே இங்கிருக்கிறோம் என்று காட்ட
அப்பாவின் பெயர் இருந்த செக்ரோல் நகலைக்
கொண்டு போனேன்.
அலுவலர் நல்லவர். டீ கூடச் சொன்னார்.
தாளைக் கவிழ்த்துப் பார்த்தார்,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
நான் இப்போது
இந்தக் குதிரைக்காரனைப் பார்ப்பதுபோல.

இந்துனில் ஜன்னலைச் சாத்தினான்.
மூடுபனி அதற்குள் அரை அறையைப் பிடித்திருந்தது.

ஒவ்வொருவராய்க் கவிழ்த்தோம்.
எண்கள். அரம் பட்ட தழும்பு.
ஆண்டு எங்குமில்லை.
நாற்பத்தோராவது ஒரு முரசுக்காரன்.
அவன் அடித்தட்டில்
ஊசியால் கீறிய ஓர் எழுத்து:
ம.

துரை வீட்டுப் பிள்ளை எழுதியிருக்காது.
சமையலறைக் கதவுக்கு அப்பால்
வேறொரு கை.
தூக்கி வந்ததா, இரவல் கேட்டதா,
ஒரு மத்தியானம் மட்டும் தன்னதென்று நினைத்ததா?
மாரியா மகேந்திரனா மல்லிகாவா?
எழுத்தின் சுழி சரியாக வரவில்லை,
கற்றுக்கொண்டிருந்த கை.

"கீறல் இருந்தால் விலை குறையுமே"
என்றான் ரிஸ்மி, மெதுவாக.

பதிலில் எழுதினோம்:
ஆண்டு தெரியாது. ஈயம் அசல்.
ஒரு குதிரைக்கு நோய்.
மொத்தம் நாற்பது.

முரசுக்காரனைத்
தேயிலைத் தூள் மலையின் உச்சியில் நிறுத்தினோம்.
இரண்டு தரம் சரிந்தான்.
மூன்றாவதில் தூளைக் குவித்துக் காலை ஊன்றினேன்.
ரயிலுக்கு இன்னும் இருபது நிமிஷம்
என்று இந்துனில் பகடையை உருட்டினான்.

ஒன்று விழுந்தது.
சட்டப்படி அவன் செத்தான்.
யாரும் அவனை எடுக்கவில்லை.