இருநூற்றுப் பதினைந்தாவது டெஸ்ட்

இரண்டாம் மாடியில் நான், மென்பொருள் பொறியியல்.
நான்காம் மாடியில் ஹில்க்கா, பயன்பாட்டு வடிவமைப்பு.
நடுவே ஒரு காப்பி இயந்திரமும்
பதினோரு வருடத் தலையசைப்பும்.

இந்தக் குளிர்காலம் பட்ஜெட் வந்து
இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் தள்ளியது.
கொள்கை முடிவு என்று
அறிக்கையில் எழுதிக்கொண்டோம்.

ஔலுவில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடம்.
அறுபத்திரண்டு வீட்டுக்கும் நிலவறையில் ஒரே சௌனா.
கதவில் தொங்கும் தாளுக்கும்
கயிற்றில் கட்டிய பென்சிலுக்கும் பதிலாக
ஓர் ஆப் செய்யவேண்டும். அவ்வளவுதான் பாடம்.

என் மாணவர்கள் பூட்டுமேல் பூட்டுப் போட்டார்கள்,
ஒரே நேரத்தை இருவர் எடுக்காதபடி.
இருநூற்றுப் பதினான்கு டெஸ்ட். எல்லாம் பச்சை.
அந்தப் பச்சையைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே பிப்ரவரி,
பார்க்க வேறு பச்சை இல்லை.

ஹில்க்காவின் மாணவர்கள்
பிர்ச் மரப்பட்டையின் நிறத்தை
எழுத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.
அழகாகத்தான் இருந்தது.

பிறகு தைஸ்தோ வந்தார்.
பேருந்து ஓட்டுபவர், அடுத்த ஷிஃப்டுக்கு இருபது நிமிடம்.
“பேசக் கூடாது” என்றாள் ஹில்க்கா என்னிடம்.
“இருமினால்கூட அது உதவி.”

உறுதி செய், தொட்டார்.
ஒன்றும் ஆகாததுபோல் இருந்தது.
தொட்டார்.
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு
இன்னொரு முறை.

நிரல் கிளிப்பிள்ளை.
எடுத்த நேரம் போக அடுத்த காலி நேரம் கொடு என்பது
நானே எழுதிக்கொடுத்த விதி.
வெள்ளிக்கிழமை ஆறு மணி, ஏழு, எட்டு.
கட்டிடத்தின் மாலை முழுவதும் அவருக்கே.

“எனக்கு இதெல்லாம் வராது, மன்னிச்சிடுங்க”
என்றார்.
எங்களிடம்.

“பக் இல்லையே” என்றான் யொன்னே, அழாக்குறையாக.
“செய்தி வந்ததே, கீழே, வெளிர் நிறத்தில்”
என்றாள் ஒயிலி, இன்னும் மெதுவாக.

தைஸ்தோ போனபின் வாசலில் நானும் ஹில்க்காவும்
மதிப்பெண்ணுக்குச் சண்டை போட்டோம்.
யார் உடைத்தது மண்குடம், யார் உடைத்தது பொன்குடம்.
தாளில் இருந்ததோ ஒரே கட்டம்.
கையெழுத்துக்கு மட்டும் இரண்டு கோடு.

திங்கட்கிழமை ஒரு புது டெஸ்ட் இருந்தது.
எழுதியவன் யொன்னே, பெயர் வைத்தவள் ஒயிலி:
தைஸ்தோ மூன்று முறை தொடுகிறார்.

ஓடவிட்டோம். சிவப்பு.
எழுத்தின் நிறத்தை மாற்றினார்கள், விதியை மாற்றினேன்,
மறுபடி சிவப்பு.
ஹில்க்கா நாற்காலியை இழுத்து
என் விசைப்பலகைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பேருந்து ஒன்று
பனியைச் சேறாக்கிக்கொண்டு போனது.
எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.
வேறு யாரோ ஓட்டுநர்.