பருத்தித்துறை பஸ்ஸில் ஒரு துண்டுத் திமிங்கிலம்

மணற்காட்டில் அது ஒதுங்கி இரண்டு நாள்.
காகம் கண்ணை எடுத்துவிட்டிருந்தது.
வழிகாட்டித் திமிங்கிலம் என்று புத்தகத்தில் பெயர்.
சவுக்கு நிழலில் நின்று சனம் பார்த்தது.
கடற்படைக்காரன் ஒருவன் அதன் வாயருகே குந்தி
கைபேசியில் தன்னைப் படமெடுத்தான்.

கிறகோரி தன் கத்தியைத் தந்தார்,
சுறா வெட்டுகிற கத்தி.
விரல்நகம் அளவு தோல், கீழே வெள்ளைக் கொழுப்பு.
மதுசாரக் குப்பிக்குள் போட்டு
பென்சிலால் எழுதினேன்: மண-07.

"உதென்ன மீன், தங்கச்சி?"
மீனில்லை அண்ணை.
மாட்டுக்குச் சொந்தம்,
நீர்யானைக்கு இன்னும் கிட்ட.
கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப உதைப் பெரிய வெள்ளியில தின்னேலாது."

பிறகு அவராகவே வால்பக்கம் கிழித்து
சதைக்குள் மிதந்த இரண்டு எலும்பைத்
தோண்டி எடுத்தார். மெலிந்தவை,
ஒன்றையும் தாங்காதவை.
இடுப்பெலும்பு, என்றேன்.
"கால் இல்லாததுக்கு என்னத்துக்கு இடுப்பு?"
கடலில் கழுவி
என் கையில் வைத்தார்.

பஸ்ஸில் கடைசி இருக்கை.
கிறகோரியின் ஐஸ் பெட்டி என் மடியில்.
நெல்லியடியில் ஏறிய ரியூசன் பெடியள்
யன்னல்களைத் தள்ளித் திறந்தார்கள்.
கொண்டக்ரர் மிச்சக் காசைத்
தூர நின்று நீட்டினார்.
வல்லைவெளிக் காற்றுக்கும் அது அடங்கவில்லை.
மூக்கைப் பொத்தியபடி இந்தத் தெருவைக் கடந்த காலம்
அந்த பஸ்ஸில் பாதிப் பேருக்கு இருந்திருக்கும்.
ஒருவரும் அதைப் பேசவில்லை.
கோப்பாய் வரை
முன்சீட்டு மனிசி சீலைத் தலைப்பை
முகத்திலிருந்து எடுக்கவில்லை.

எழுத்துக்கள் மூன்று கிழமையால் வந்தன.
திரை நிறைய நான்கே எழுத்து.
மணம் பிடிக்கும் மரபணு ஒன்றைத் தேடினேன்.
இருந்தது.
பசுவினதை அருகில் வைத்து
வரிக்கு வரி விரலோட்டினேன்,
ஏறக்குறைய அதே பேச்சு, அதே ஒழுங்கு,
திடீரென்று நடுவில்
ஒரு நிறுத்தற்குறி.
ஓர் எழுத்து பிசகி
வாக்கியம் பாதியில் முடிகிறது.
அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும்.

ஐந்து கோடி வருசத்துக்கு முன்
ஏதோ ஒரு கரையில், நாலு காலில்,
சேற்றை முகர்ந்து நின்ற ஒன்று
தண்ணீருக்குள் போனது.
போனபின் மூக்குக்கு வேலையில்லை.
மூச்சை அடக்கிக்கொண்டு
எதை மணப்பது?

பக்கத்து மேசையில் கோசலை குப்பி கழுவுகிறாள்.
போன மாசியில் அவளுடைய கன்னத்தின் உட்புறத்தை
ஒரு பஞ்சுக்குச்சி உரசிக் கொண்டுபோனது.
ஒத்துப் பார்க்க.
எங்காவது எலும்பு கிடைத்தால்.
"உங்கட மிருகத்துக்கு மூண்டு கிழமை"
என்றாள், கோபமில்லாமல்,
மரக்கறிக் கணக்குச் சொல்வதுபோல.

என்ன சொல்வதென்று தெரியாமல்
நித்திரையைப் பற்றிச் சொன்னேன்.
நித்திரைக்கு அழைக்கிற மரபணுவும் உதுக்கு உடைஞ்சு போச்சு,
பாதி மூளை உறங்க
மற்றப் பாதி விழித்திருக்குமாம்.
"அம்மாவும் அப்பிடித்தான் படுக்கிறவ" என்றாள்.
"படலைப் பக்கம் ஒரு காது."

ஈரக்கையோடு திரைக்குக் கிட்ட வந்தாள்.
எங்கே முடிகிறது?
காட்டினேன்.
அவளுடைய விரல் அங்கே நிற்கவில்லை,
தாண்டிப் போனது, கண்ணாடியில் நீர்க்கோடு இழுத்தபடி.
"பிறகும் எழுதிக் கிடக்குதே."
ஓம்.
"ஆர் வாசிக்கிறது?"
ஒருத்தரும் இல்லை.
"ஆர் அழிக்காமல் விட்டது?"

மின்சாரம் போனது.
ஜெனரேற்றர் உறுமித் தொடங்கும்வரை
இருட்டில் இரண்டு பேரும் நின்றோம்.

கிறகோரி இரண்டு தரம் அழைத்துவிட்டார்,
பெட்டி வேணுமாம்.
தேசிக்காய் தேய்த்து மூன்றாம் முறையும் கழுவி
வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.
பின்னேரம் மூடியைத் திறந்து
முகத்தை உள்ளே விட்டு
முகர்ந்து பார்த்தேன்.
இன்னும் இருந்தது.