நாற்பத்தேழாம் அடிக்குறிப்பு

இறையியல் முதுமாணி. பகுதிநேரம், மூன்று வருஷம்.
வெள்ளி பின்னேரம் கடலைக் கடந்து
குறிகாட்டுவானில் பஸ் ஏறி
சனிக்கிழமை சுண்டிக்குளியில் வகுப்பு.
மற்ற நாட்களில் நெடுந்தீவுச் செயலகத்தில்
பிறப்புக்கும் இறப்புக்கும்
ஒரே நீல முத்திரையைக் குத்துகிறவள் நான்.

"முடிச்சால் குருவானவரோ?"
ஜெட்டியில் யாராவது கேட்பார்கள்.
இல்லை என்றால்,
"அப்ப என்னத்துக்கு?"

விண்ணப்பப் படிவத்திலும் அதே கேள்வி,
இருநூறு சொற்களுக்குள்.
"ஒரு சொல்லைப் பற்றி எனக்குச் சந்தேகம்"
என்று எழுதிவிட்டுப் பேனையை மூடினேன்.
எப்படியோ எடுத்தார்கள்.

சந்தேகம் இதுதான்.
கிரேக்கத்தில் நாமுக்கும் நாங்களுக்கும் ஒரே சொல்.
தமிழுக்குக் கொண்டுவருகிறவர்
வாசலில் நின்று தீர்மானிக்கவேண்டும்:
கேட்டுக்கொண்டிருப்பவர் உள்ளேயா, வெளியேயா?

புயலில் ஒரு படகு.
பின்னணியத்தில் தலையணை, தலையணையில் அவர்.
சீடர்கள் உலுப்பி எழுப்பிக் கத்துகிறார்கள்,
சாகப்போகிறோம் என்று.
யார் சாகப்போகிறார்கள்?
நாங்கள் என்றால் அவர் மட்டும் தப்புவார்.
நாம் என்றால்
கடவுளுக்கும் மூச்சு முட்டும்.

இதற்கு இருபதாயிரம் சொற்கள்,
இடப்பக்கம் ஒன்றரை அங்குல ஓரம்,
கட்டணம் மூன்று தவணையில்.

வழிகாட்டி வண. தர்மகுலசிங்கம்
மூன்றாம் வரைவில் பென்சிலால் கேட்டிருந்தார்:
"யாழ்ப்பாணத்தில் 'நாம்' எண்டு ஆர் கதைக்கிறது?"
அவர் சொன்னது சரி.
"வாங்கோ, நாங்கள் போவம்" என்றுதானே
பக்கத்தில் நிற்பவரையும் கூட்டிப்போகிறோம்.
நாலாம் அத்தியாயம் அன்றிரவே
நடுவால் முறிந்தது.

பிறகு ஆவணியில் ஒரு வெள்ளி,
சோளகம் இன்னும் அடங்கவில்லை.
வள்ளத்தில் அறுபது பேர், இரண்டு மோட்டார்சைக்கிள்,
ஒரு ஆட்டுக்குட்டி, என் மடிக்கணினி.
மூன்றாம் அலை மேலால் வந்தபோது
அத்தனை பேரிலும் உரக்கக் கத்தியது நானாம்:
"நாங்கள் சாகப்போறம், உங்களுக்கென்ன!"
சுக்கானில் நின்றவர் திரும்பிப் பார்க்கவில்லை.
"நானும் இதுக்குள்ளதானே, பிள்ளை, நிக்கிறன்."

ஈரச் சட்டையோடு, கரையில்,
அதை நாற்பத்தேழாம் அடிக்குறிப்பாக எழுதினேன்.

வாய்மொழிப் பரீட்சைக்கு
வெளிப் பரீட்சகர் கண்டியிலிருந்து திரையில் வந்தார்.
வாய் முதலில் அசைந்தது, குரல் பின்னால் வந்தது.
ஜெர்மன்காரரைப் பற்றிக் கேட்டார், சொன்னேன்.
வினைத்திரிபு கேட்டார், பாதி சொன்னேன்.
"நாற்பத்தேழு. ஆர் இவர்?"
"படகோட்டி."
"பேர்?"
பேரில்லாமல் ஒரு படிவத்தையும்
மேசை தாண்டவிடாதவள்
திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நல்லவேளை, படம் உறைந்தது.

சிறு திருத்தங்களுடன் சித்தி.
திருத்தம் ஒன்று: பக்க எண்கள்.
திருத்தம் இரண்டு: தகவல் தந்தவரின் முழுப்பெயர், இடம், திகதி.

திங்கள் காலை
குறிகாட்டுவானில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்.
பேரைக் கேட்டதும் புனலை நிமிர்த்தினார்.
"ஏன், பொலிசுக்கோ?"
விளக்கினேன். பட்டம், ஆய்வு, அன்றைய அலை,
அவர் சொன்ன அந்த ஒரு வசனம்.
"அப்பிடிச் சொன்னனானோ?"
ஞாபகமில்லை அவருக்கு.
கையைச் சாரத்தில் துடைத்தபடி
கொஞ்சநேரம் கடலைப் பார்த்தார்.

"மரியநாயகம் அலோசியஸ். றன்னகரத்துக்கு
நீங்கள் போடுற பெரிய 'ற' இல்லை, சின்ன 'ர'."
எழுதினேன்.
"ஆனா பிள்ளை, நாங்கள் கத்தோலிக்கம்.
உங்கட அங்கிலிக்கன் புத்தகத்தில
எங்களைப் போட விடுவினமோ?"

இயந்திரம் உறுமியது.
பேனையோடு நின்றேன்.
ஏறச் சொல்லிக் கையசைத்தார்.